பிள்ளைகளின் முழங்கை முறிவு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் வாத்தியார் படிப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று என் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீட்டினால் இந்த இடது கை துப்பாக்கிக் கட்டை மாதிரி உடம்புப் பக்கம் வளைந்து நிற்கும். வகுப்பில் பின் வரிசையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்குத் தெரியும்!

ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கட்டுப் போடுகிறவரிடம் ஓடினார். அவர் எண்ணெய் தடவி நீவினார். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இரவெல்லாம் கதறினேன். "வலிச்சாத்தான் எலும்பு கூடும்" என்றார்கள். விடியற்காலையில் என் விரல்கள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்த பாட்டி, யாரையும் கேட்காமல் கட்டைக் கத்தரித்துவிட்டார். அதனால் விரல்கள் பிழைத்தன. எலும்பு மட்டும் கோணலாகவே கூடிப்போனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே அப்பளம் போல மெலிந்திருக்கும். பிள்ளை உள்ளங்கையை ஊன்றி விழும்போது, முன்கை எலும்பின் முனை ஆப்பு அடித்தது போல் அங்கே இடிக்கும். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். அந்த இடத்துக்கு முன்னாலேயே கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. அதன் மேல் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் தசை செத்து, விரல்கள் கழுகுக் கால் போல மடங்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே இதை எழுதி வைத்தார்.

சென்ற ஆண்டு நம் மாணவன் ஒருவன் கோல் கம்பத்தில் தொங்கி விழுந்தான். கையை நீட்டவும் இல்லை, நீவவும் இல்லை. செய்தித்தாளை மடித்து அணைகொடுத்து, சாரோங்கால் கழுத்தில் தூளி கட்டி, சுங்கை பாக்காப்புக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து செபராங் ஜெயாவுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முழுவதும் விலகியிருந்தது.

"ஆப்பரேஷன்" என்றதும் பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார். "ஐயோ சார், பச்சப் பிள்ளை கையை அறுக்கப் போறாங்களே! பேசாம கட்டுப் போட்டுக்குவோம் சார்." தகப்பனார் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் சட்டைக் கையைச் சுருட்டி இந்தக் கையை நீட்டிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

பெரும்பாலும் அறுப்பதே இல்லை, தாய்மார்களே. மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து எலும்பைப் பொருத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். 1909-இல் கிர்ஷ்னர் என்ற மருத்துவர் கொண்டுவந்த கம்பி அது. மூன்று நான்கு வாரத்தில் கிளினிக்கிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். எலும்பு பொருந்தாவிட்டால், அல்லது இரத்த ஓட்டம் திரும்பாவிட்டால்தான் திறந்து பார்ப்பார்கள். விலகாத வெறும் கீறல் என்றால் மாவுக் கட்டே போதும்.

ஒரு தவறு நடந்தது. வழியில் யாரோ பாசத்தில் பையனுக்கு மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும். அதனால் பல மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளை விழுந்தால், டாக்டர் பார்க்கும் வரை வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு விரல்களைப் பாருங்கள். சில்லிட்டாலும், வெளுத்தாலும், நீலம் பாரித்தாலும், அசைக்க முடியாவிட்டாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் கிளம்புங்கள். கட்டுப் பிரித்ததும் கை மடங்கவில்லையே என்று எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம்; பிள்ளை விளையாட விளையாட, சில மாதங்களில் தானாக மடங்கும்.

அந்தப் பையன் இன்று ஓட்டப் பந்தயப் பரிசு வாங்க மேடைக்கு வருகிறான். இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்குவான். எந்தக் கை முறிந்தது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.