பத்தாயிரம் இணைப்புகளில் ஒன்று

(தொழிலாளர் விஞ்ஞான வகுப்பில் ஆற்றிய பேச்சு)



அணுவுக்குள் இருக்கும் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு, மோதச் செய்து, பொருள் எதனால் ஆனது என்று பார்க்கும் யந்திரம் ஒன்று ஜினீவா நகரத்தின் அருகே இருக்கிறது. ஸ்விஸ் - பிரெஞ்சு எல்லையில், பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். ஐரோப்பிய நாடுகள் கூடி 1954-ல் அமைத்த ‘செர்ன்’ ஸ்தாபனம் கட்டியது. ‘லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்’ என்று பெயர்.

சுரங்கம் முன்னொரு யந்திரத்துக்காகத் தோண்டியது. 1985-ல் துளைக்கத் தொடங்கி 1988-ல் வளையம் முடிந்தபோது, இரு முனைகளும் ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகில் சந்தித்தன. பாறை குடைபவன் கைக்கும் கணக்கு உண்டு!

துகள் நேராகத்தான் ஓடும். அதை வளைக்கக் காந்தம் வேண்டும். 15 மீட்டர் நீளமும் 35 டன் எடையும் உள்ள காந்தங்கள் 1,232. அவற்றைத் திரவ ஹீலியத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பியில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். காந்தங்களை இம்மி பிசகாமல் நிறுத்தும் சுமார் 7,000 ஜாக்கிகள் இந்தியாவில் செய்து அனுப்பியவை.

காந்தத்துக்குக் காந்தம் கம்பியை இணைத்தாக வேண்டுமே! அப்படிச் சுமார் 10,000 இணைப்புகள், சுரங்கத்துக்குள்ளேயே பற்றவைத்தவை. ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டும் தோழருக்கு இது புரியும். ஒட்டு சரியில்லை என்றால் நூல் அங்கேதான் அறும்.

அப்படியே ஆயிற்று. 2008 செப்டம்பர் 10-ல் துகள் கற்றை முதல் தடவையாகச் சுற்றி வந்தது. ஒன்பதாம் நாள், 19-ந் தேதி, ஒரு இணைப்பு சூடேறி உருகியது. மின்பொறி ஹீலியம் இருந்த கலத்தைத் துளைத்தது. கரை உடைந்த ஏரி போல் டன் கணக்கில் ஹீலியம் சீறிப் பாய்ந்தது. அந்த வேகத்தில் காந்தங்கள் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தன. உள்ளே ஆள் இல்லை. காந்தங்களில் மின்சாரம் ஏற்றும்போது அங்கே எவரையும் விடுவதில்லை என்பது கண்டிப்பான விதி. இதைக் கவனியுங்கள்: வேலை தாமதமாகிறதே என்று அந்த விதியை யாரும் தளர்த்தவில்லை.

53 காந்தங்களை மேலே ஏற்றினார்கள். 14 மாதம் யந்திரம் நின்றது. பிறகும், மற்ற இணைப்புகளை நம்பி முழுச் சக்தியில் ஓட்ட முடியவில்லை. திட்டமிட்டதில் பாதிக்குச் சற்று மேலான சக்தியில் ஓட்டித்தான் 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் துகளை அறிவித்தார்கள். அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு சோதனைக் குழுக்களும் தனித்தனியே கண்டன. மற்றத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்பதற்கு விடை சொல்லும் துகள் அது. 1964-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

பின் 2013-லும் 2014-லும் யந்திரத்தை நிறுத்திவைத்து, அத்தனை இணைப்புகளையும் திறந்து, பரிசோதித்து, செப்புத் துண்டு வைத்துப் பற்றவைத்துப் பலப்படுத்தினார்கள். 2015-ல் முன்னைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தியில் யந்திரம் ஓடியது.