கச்சேரி மேசையிலிருந்து கைதடிக்கு
(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



“வடக்கில் பொதுவாழ்வுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதையும் தங்கச்சி” என்று செயலாளர் அக்கா கேட்டபோது நான் கிளினிக்கில் இருந்தேன். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவராக இருந்தால் நல்லது என்றும் அக்கா சொல்லியிருந்தார். நான் தெரிந்தெடுத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. அவருடைய கட்சிகளைப் பற்றி நான் இங்கே கதைக்கப் போவதும் இல்லை, சங்கத்தின் யாப்பு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாகாண சபை உறுப்பினரைப் பற்றிப் பேசும்போது அரசியலைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமதி அனந்தி சசிதரன். வடக்கு மாகாண சபையின் முன்னாள் உறுப்பினர், முன்னாள் அமைச்சர். ஏன் அவர் என்பதற்கு முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்களில் வன்னியில் ஒரு வைத்தியசாலைக்கு மாற்றலாகிப் போனேன். கிளினிக் நாளில் இருநூறு பேர் வரிசையில் இருப்பார்கள். ஒரு பெண் மாதாமாதம் வருவார். இரத்த அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை, உடம்பெல்லாம் உளைவு. பரிசோதனைகளில் அழுத்தத்தைத் தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. கணவர் எங்கே என்று கேட்டேன். “2009இல் கையளித்தேன்” என்றார். நான் அவசரத்தில் அவருடைய கிளினிக் கொப்பியில் விதவை என்று எழுதிவிட்டேன். அவர் வெளியே போய் யாரிடமோ வாசிப்பித்திருக்கிறார். மருந்து எடுக்கும் வரிசையை விட்டுத் திரும்பி வந்து, கொப்பியை மேசையில் வைத்து, “இதை வெட்டுங்கோ டொக்டர்” என்றார். சத்தம் போடவில்லை. நான் வெட்டினேன். பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

என்னுடைய தொழிலில் மரண அத்தாட்சி எழுதுவது அன்றாட வேலை. உடலைப் பார்த்து, காரணத்தை எழுதிக் கையெழுத்து வைத்தால் முடிந்தது. உடலும் இல்லை, காரணமும் இல்லை, ஆனால் ஆள் மட்டும் இல்லை என்ற நிலைக்கு எங்கள் புத்தகங்களில் படிவம் கிடையாது. அரசாங்கம் 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போயிருப்பவருக்கு உறவினர் மரணச் சான்றிதழ் பெறலாம் என்றது அது. வங்கிக் கணக்கு, காணி உறுதி, நட்டஈடு எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் உதவும். எத்தனையோ பெண்கள் அதை வாங்க மறுத்தார்கள். ‘உயிரோடு நான் கொண்டுபோய் ஒப்படைத்த ஆளை நானே செத்துப்போனார் என்று எப்படிக் கையெழுத்து வைப்பேன்?’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ‘காணக்கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டத்தில் இடம் வந்தது 2016இல்தான்.

அந்த மறுப்பை வாக்குச்சீட்டு வரைக்கும் கொண்டுபோனவர் அனந்தி. அதனால்தான் இந்தத் தெரிவு.

அவர் கிளிநொச்சிக் கச்சேரியில் வேலை செய்த ஓர் அரச உத்தியோகத்தர். கோப்பும் கடிதமும் சம்பளப் பட்டியலுமாக இருந்த வாழ்க்கை, மூன்று பெண் பிள்ளைகள். கணவர் சின்னத்துரை சசிதரன், எழிலன் என்ற பெயரில் விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்தவர். இதை நான் மறைத்துப் பேசவில்லை, அவரும் ஒருபோதும் மறைத்ததில்லை. 2009 மே 18ஆம் திகதி, முல்லைத்தீவில், அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருடன் சென்றவர்களோடு எழிலனும் இராணுவத்திடம் சரணடைந்தார். மனைவி பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல யாரும் இல்லை. அடிகளாரும் திரும்பவில்லை.

அந்த நாட்களில் எங்களில் பலர் வாயைத் திறக்கவே பயந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்த என் போன்றவர்கள் வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் கதைத்தோம். அனந்தி 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது அதன் முன் போய் நடந்ததைச் சொன்னார். அரச சம்பளம் வாங்கும் ஒரு பெண், மூன்று பிள்ளைகளோடு இராணுவம் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, பெயர் சொல்லிச் சாட்சியம் கொடுப்பது என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் இருக்கும் அரச ஊழியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறகு 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. சரணடைந்த வேறு சிலருடைய குடும்பங்களும் அவரோடு சேர்ந்து வழக்குப் போட்டன.

அதே வருடம் செப்டெம்பர் 21ஆம் திகதி வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். மாகாண சபைகளை உண்டாக்கிய பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் வந்தது. 1988இல் வடக்கும் கிழக்கும் இணைந்த சபை ஒன்று கொஞ்சக் காலம் இயங்கியது. 2007இல் இரண்டும் பிரிக்கப்பட்டன. வடக்குக்கென்று ஒரு சபை வர 2013 ஆகிவிட்டது. அனந்தி யாழ் மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளராக நின்றார். தேர்தலுக்கு முதல் நாள் அதிகாலை சுழிபுரத்தில் அவருடைய வீட்டை ஒரு கூட்டம் வந்து தாக்கியது. அவர் தப்பினார், அங்கிருந்த சட்டத்தரணி ஒருவர் காயப்பட்டார். வாக்களிப்பு நாள் காலை உதயன் பத்திரிகையைப் போலவே அச்சடித்த போலிப் பத்திரிகை ஒன்று வீதிகளில் கிடந்தது. அனந்தி அரச தரப்புக்கு மாறிவிட்டார் என்று அதில் செய்தி.

என் அம்மாவுக்கு அப்போது முழங்கால் வருத்தம். ஓட்டோவில் வாக்குச்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வரிசையில் நின்ற ஒரு பெண் அந்தப் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். “வாசிச்சீங்களோ?” என்று அம்மா கேட்டார். “வீட்டில அடுப்பு மூட்டத்தான்” என்றார் அவர்.

அனந்திக்கு 87,870 விருப்பு வாக்குகள். மாவட்டத்தில் அவருக்கு மேலே இருந்தவர் 1,32,255 வாக்குகள் பெற்று முதலமைச்சரான ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரன் ஒருவர்தான். ஐந்து மாவட்டங்களிலும் மக்கள் தெரிவுசெய்த 36 பேரில் ஒரே பெண் அனந்தி. கட்சிக்குக் கிடைத்த இரண்டு மேலதிக ஆசனங்களில் ஒன்று இன்னொரு பெண்ணுக்குப் போனது. முப்பத்தெட்டுக் கதிரைகளில் இரண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வடக்கில் பெண்கள் சபைகளுக்குள் வந்த வழியைக் கவனித்துப் பாருங்கள். 1989இல் வன்னியிலிருந்து பாராளுமன்றம் போன இராஜமனோகரி புலேந்திரன், கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்தவர். 2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து போன விஜயகலா மகேஸ்வரனும் அப்படித்தான். பத்மினி சிதம்பரநாதன் போல வேறு வழியில் வந்தவர்களும் உண்டு, ஆனால் குறைவு. வீட்டில் ஒரு ஆண் இல்லாமல் போனால்தான் எங்கள் சமூகம் ஒரு பெண்ணுக்கு ஒலிவாங்கியைக் கொடுக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. அனந்தியும் அதே வாசலால் வந்தார் என்று சிலர் சொல்லுவார்கள். முழுக்கச் சரியில்லை. மற்றவர்கள் இறந்த கணவரின் இடத்துக்கு வந்தார்கள். இவர் கணவர் இறந்துவிட்டார் என்பதை ஏற்க மறுத்துக்கொண்டு வந்தார். அனுதாப வாக்கு என்று அதை எழுதியவர்கள் வடிவாகக் கணக்குப் பார்க்கவில்லை. அந்த 87 ஆயிரத்தில் தங்கள் வீட்டு ஆளைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

சபைக்குள் போய் என்ன செய்தார்? நீங்கள் எதிர்பார்ப்பது போலப் பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. கைதடியில் இருக்கும் அந்தச் சபைக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்தவர்கள் பட்டியல் கேட்க மாட்டார்கள். ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ் வருகின்றன, யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். நிதி பற்றிய நியதிச்சட்டம் ஒன்றைக் கொண்டுவர ஆளுநரின் சிபாரிசு வேண்டும். முதல் ஒன்றேகால் வருடம் அந்த ஆளுநர் யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தேடும் ஒரு பெண் அந்த ஏற்பாட்டுக்குள் உறுப்பினராக இருந்தார்.

அவர் செய்தது, காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற விடயத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து விழ விடாமல் பார்த்துக்கொண்டது. 2014இல் ஜெனீவாவுக்குப் போய் மனித உரிமைகள் பேரவையிலும் பேசினார். அவருடைய பேச்சுகள் எல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். சூடு கூடிய இடங்கள் உண்டு. நிதானமாகச் சொல்லியிருந்தால் தெற்கிலும் சிலர் கேட்டிருப்பார்களே என்று நினைத்ததுண்டு. பிறகு அந்தக் கிளினிக் கொப்பி ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன்.

2017 ஜூன் கடைசியில் அவர் அமைச்சரானார். மகளிர் விவகாரம், புனர்வாழ்வு, சமூக சேவைகள், கூட்டுறவு என்று பல துறைகள் ஒரே மேசைக்கு வந்தன. கச்சேரியில் கடிதம் எழுதிய கைக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. என் கிளினிக்குக்கு வரும் பெண்களைப் போன்றவர்களுக்கு, தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் கேட்கப் போகும் கந்தோரில், தங்களுடைய கதையைச் சொல்லத் தேவையில்லாத ஒரு அமைச்சர் இருந்தார். அதற்கு எவ்வளவு பெறுமதி என்று அளக்க எனக்குக் கருவி இல்லை. சபையின் ஐந்து வருடம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அமைச்சுப் பதவி பதினாறு மாதம்கூட நிறையவில்லை. அந்த மாதமே தனிக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். 2020 பாராளுமன்றத் தேர்தலில் நின்றார், தெரிவாகவில்லை.

இந்த இடைக்காலத்தில்தான், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். கொட்டகையில் இருந்தவர்களில் பலருக்கு நீரிழிவு, அழுத்தம். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, வெயில். கிளினிக்குக்கு வராதவர்களை ஏசியிருக்கிறேன். “பிள்ளையைத் தேடுற இடத்தை விட்டிட்டு வர ஏலாது” என்றார் ஒரு அம்மா. அப்படித் தேடித் தேடியே கண்ணை மூடிய பெற்றோர் பலர். அவர்களுடைய மரண அத்தாட்சிகளில் சிலவற்றில் என் கையெழுத்து இருக்கிறது.

வவுனியா வழக்கு ஒன்பது வருடம் இழுத்தது. 2022 டிசெம்பரில் மேல் நீதிமன்றம் மனுதாரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் மார்ச்சில் எழிலனை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும் என்று இராணுவத்துக்குக் கட்டளை. அந்த மார்ச்சில் அவர் கொண்டுவரப்படவில்லை. ஆனால் சரணடைந்தவருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் யார் என்பது ஒரு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது. கச்சேரி வேலை செய்தவருக்குப் பதிவேட்டின் அருமை தெரியும்.

1995 ஒக்டோபர் கடைசியில் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. என் வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தோம். இந்த மலருக்காக வகுப்புவாரியாகப் பெயர், விலாசம் சேர்த்தோம். எங்கள் வகுப்பில் நான்கு பெயருக்கு நேரே ஒன்றும் எழுத முடியவில்லை. அச்சகத்துக்கு அனுப்பும்போது அந்த நான்கையும் எடுத்துவிடலாமா என்று மலர்க் குழுவில் ஒருவர் கேட்டார். எடுக்க வேண்டாம், வெறுமையாக விடுங்கள் என்று சொன்னேன். உங்களுக்கு அவர்களைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சங்கச் செயலாளருக்கு அறிவியுங்கள்.