மொட்டை மாடிக் கம்பியும் தூரத்துத் தீவும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கம்பி கட்டியிருக்கிறதே, அது என்ன என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கேபிள் டிவி ஒயரும் இல்லை, துணி காயப்போடும் கொடியும் இல்லை. என் அமெச்சூர் ரேடியோவின் ஆண்டெனா அது. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 10 மீட்டர் நீளம் வேண்டும். மத்திய அரசின் தேர்வு எழுதி, உரிமம் வாங்கித்தான் இயக்குகிறேன்.

இதில் எங்களுக்குப் பெரிய ஆசை ஒன்று உண்டு. ஆளே வசிக்காத தீவுகளுக்குச் சில குழுக்கள் கப்பலில் போய், சில நாட்கள் மட்டும் நிலையம் அமைப்பார்கள். அந்த நாட்களில் உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். நம்ம ஊர் கொய்யாச் சந்தையில் காலையில் எல்லோரும் ஒன்றாக விலை கேட்டால் எப்படி இருக்கும்? அதே சத்தம்தான்.

இந்த நெரிசலைச் சமாளிக்க ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ். இதைத் தொடங்கியவர் ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் சேர்ந்து 2017-இல் எஃப்டி8 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 15 விநாடிக்கு ஒரு முறை, மாறி மாறி, சின்னச் சின்னச் செய்திகள். காதுக்கே கேட்காத மெல்லிய சிக்னலையும் கணினி படித்துவிடும்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது, அதை அவர்கள் எப்படிச் சோதித்தார்கள் என்பதை. தீவுக் குழுவுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று செய்தார்கள். தீவு நிலையத்துக்குப் பெயர் நரி, அழைக்கும் நம் போன்றவர்களுக்குப் பெயர் வேட்டை நாய். நரி ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை பதில் சொல்லும். 2018 ஜூனில் பசிபிக் கடலின் பேக்கர் தீவுக்குப் போகும் முன், மார்ச் மாதத்தில் பொதுச் சோதனை நடத்தினார்கள். அமெரிக்காவிலேயே இருந்த நிலையங்கள் தீவு நிலையம்போல நடித்தன. கல்யாணத்துக்கு முன் சமையல்காரரை ஒரு பந்திக்குச் சமைக்கச் சொல்லிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி. 2024 ஆகஸ்டில் ஜார்விஸ் தீவில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே நேரத்தில் ஒன்பது பேருக்குப் பதில் சொல்லும் புதிய வடிவம் அது. பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு அதன் பதில் வெறும் இரைச்சல்தான்.

நான் சோதிக்காமல் உட்கார்ந்து பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் முழுக்கத் திரையில் ஒரு வரிகூட விழவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் கணினியின் கடிகாரம் நான்கு விநாடி பிந்தியிருக்கிறது! எல்லோரும் 15 விநாடிக் கணக்கில் பேசும்போது, நான்கு விநாடி பிசகினால் நாம் பேசுவது யாருக்கும் புரியாது, அவர்கள் பேசுவதும் நமக்குப் புரியாது. அன்று உண்மையான தீவு வந்திருந்தால் வாய்ப்பு போனதுதான்.

அதனால் இப்போது நான்கு விஷயம் பார்க்காமல் உட்காருவதில்லை. கடிகாரம் சரியா? மென்பொருள் புதிய பதிப்பா? ரேடியோவின் ஒலி அளவு அதிகமாகி சிக்னல் சிதைகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலையம் முதலில் எனக்குக் கேட்கிறதா? நமக்குக் கேட்காதவரை அழைப்பது அடுத்தவர் வழியை மறிப்பதுதான்.

"தீவோடு பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்துக் குழு, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. பல ஆண்டுகளாக ரேடியோவில் கேட்காத இடம் என்பதால் உலகமே அழைத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே ரேடியோக்கள் உறவினர்களின் நிலையை அறியத் தவித்த குடும்பங்களுக்குச் செய்தி சொல்லின. எஃப்டி8 அப்போது இல்லை. இருந்திருந்தாலும் அதில் சொந்தமாக எழுத ஒரு முறைக்கு 13 எழுத்துகள்தான் இடம், நீண்ட செய்திக்குக் குரல்தான் வேண்டும். ஆனால் கம்பி, பேட்டரி, கேபிள் எல்லாம் முன்பே சோதித்துத் தயாராக இருந்ததே, அதுதான் உதவியது.

கடைசியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நான் பேசும்போது உங்கள் டிவியிலோ ஸ்பீக்கரிலோ கரகரப்பு வந்தால், தயங்காமல் கதவைத் தட்டுங்கள், உடனே நிறுத்திச் சரிசெய்கிறேன். அதேபோல மலிவான எல்இடி பல்பு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் சிலவற்றிலிருந்து வரும் இரைச்சல் என் ரேடியோவை மூடிவிடுகிறது. எது என்று கண்டுபிடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒவ்வொரு தளமாக மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அன்று மாடிக்கு அனுப்புங்கள். திரையில் தூர தேசத்துப் பெயர் விழுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.