வானிலிருந்து வந்த கரிமம்



மொழியியல் படித்தவனுக்கு விண்வெளியில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என்னை அங்கே இழுத்துச் சென்றது ஒரு சொல். 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பென்னு என்னும் சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணின் ஆய்வு முடிவுகள் வெளியாயின. அச்செய்தியைத் தமிழில் சுருக்கி எழுதிய ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவியின் தாளை அவருடைய ஆசிரியை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ‘சிறுகோளில் உயிர்ப்பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்பது முதல் வரி. நடை நன்றாக இருந்தது, செய்திதான் பிழை. பென்னுவில் உயிர் எதுவும் காணப்படவில்லை. காணப்பட்டவை கரிமச் சேர்மங்கள்.

பிழை மாணவியுடையது மட்டுமன்று. ‘ஆர்கானிக்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே அது உறைந்து கிடக்கிறது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ் வாழ்ந்த காலத்தில், சில பொருள்கள் உயிருள்ளவற்றின் உடலில் மட்டுமே உருவாக முடியும் என்று அறிஞர்கள் நம்பினர். 1828இல் ஜெர்மானியரான வோலர், உயிரோடு தொடர்பற்ற உப்பொன்றிலிருந்து யூரியாவைப் பெற்றார். சிறுநீரில் கிடைக்கும் பொருள், சிறுநீரகத்தின் துணையின்றியே குடுவையில் கிடைத்தது. நம்பிக்கை மெல்லச் சிதைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்பெயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கரிமம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘சேதனம்’ என்றும் தமிழாக்கின. சேதனம் என்பது அறிவுள்ளது, உயிருள்ளது என்று பொருள்படும். இளமையில் நான் சேதனத்தின் பக்கம் நின்று வாதாடியவன். கரிமம் என்றால் அடுப்புக்கரி நினைவுக்கு வருகிறதே என்று கேலியும் செய்திருக்கிறேன். அக்கேலியை இன்று திரும்பப் பெறுகிறேன். கார்பனை அடிப்படையாகக் கொண்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லாதிருப்பதே அச்சொல்லின் சிறப்பு.

இனி, அக்கரிமம் வானில் எவ்வாறு உருவாகிறது என்று காண்போம். விண்மீன்களுக்கு இடையே வாயுவும் தூசியும் கலந்த மேகங்கள் பரந்துள்ளன. அவற்றின் உட்பகுதியில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 263 பாகை செல்சியஸ் வரை இறங்கும். அக்குளிரில் நீரும் மெத்தனாலும் அம்மோனியாவும் தூசித் துகள்கள்மேல் பனியாகப் படிகின்றன. புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து, வேறு வகையாகச் சேர்கின்றன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் இதுவரை 300க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இனங்காணப்பட்டுள்ளன. அத்தகைய பனி பிற்காலத்தில் சிறுகோள்களுக்குள் சிக்கியது. அங்கே அலுமினியம்-26 என்னும் கதிரியக்கப் பொருள் தந்த வெப்பம் பனியை உருக்க, அந்நீரில் சமையல் தொடர்ந்தது.

அச்சமையலின் ஒரு பங்கு, 1969 செப்டம்பர் 28ஆம் நாள், ஞாயிறு காலையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து முர்ச்சிசன் என்னும் சிற்றூரில் விண்கல்லாக வந்து விழுந்தது. 100 கிலோவுக்கு மேல் திரட்டினர். நிலாக் கற்களுக்கென ஆய்வுக்கூடங்கள் ஆயத்தமாக இருந்த ஆண்டு அது; நற்பேறுதான். கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. புரதத்தின் கட்டுமானக் கற்கள் அவை. ஆனால் மனித விரல் பட்டாலே அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளுமே, அவை வானத்தவைதாம் என்று எப்படித் துணிவது?

இங்கே நம் சங்கு உதவுகிறது. இடம்புரிச் சங்கை எப்படித் திருப்பி வைத்தாலும் அது வலம்புரியாகாது. அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவற்றுக்கும் இவ்வாறு இரு வடிவங்கள் உண்டு. உயிர்கள் தம் புரதங்களில் இடப்பக்க வடிவத்தையே பயன்படுத்துகின்றன. முர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் கலந்திருந்தன. விரல்வழி வந்திருந்தால் இடவகையே மிகுந்திருக்கும். மேலும், பூமியின் புரதங்களில் இடம்பெறாத வகைகள் பல அதில் இருந்தன.

பின்னாளில் அதே கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டன. நம் மரபணுக் குறியீட்டில் இடம்பெறுபவை 20 மட்டுமே. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தொல்காப்பியத்தின் மொழிமரபு. மெய்கள் 18 இருந்தும், உயிரோடு கூடிச் சொல்லுக்கு முதலாக வருபவை அவற்றுள் 9 என்கிறது அந்நூல். ஒலிக்க முடிந்தவை எல்லாம் மொழியில் இடம்பெறுவதில்லை. வானில் உருவானவை எல்லாம் உயிரில் இடம்பெறவில்லை. ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட மாட்டேன். மொழியில் தேர்வது மனிதக் கூட்டம்; அங்கே தேர்ந்தது எது என்பதுதான் வினா.

1997இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. முர்ச்சிசன் கல்லின் சில அமினோ அமிலங்களில் இடவகை சற்றே மிகுந்திருப்பதை கிரோனின், பிசரெல்லோ என்னும் இருவர் காட்டினர். அவை பூமியில் அரியவை. ஆகவே விரல் அழுக்கு என்று தள்ளவும் இயலாது. உயிரின் இடச்சார்பு வானிலேயே தொடங்கிவிட்டதோ என்று பலர் கருதினர். நானும் அதை விரும்பி ஏற்றேன். கதை அவ்வளவு அழகாக இருந்தது.

பிறகு பென்னு வந்தது. 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்த 121.6 கிராம் மண், நம் காற்றுப் படாமல் காக்கப்பட்டது. உயிர் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 அதில் இருந்தன. டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் மூலங்கள் ஐந்தும் இருந்தன. ஆனால் இடமும் வலமும் ஏறத்தாழச் சமம். அழகிய கதை ஆட்டம் கண்டது. எழுத்துகள் கிடைத்தன, அவை கோத்த சொற்கள் கிடைக்கவில்லை. புரதமும் இல்லை, ஆர்என்ஏ இழையும் இல்லை.

எழுத்துகள் அனைத்தும் வானிலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. 1953இல் மில்லர், நீராவியும் மீத்தேனும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சியே அமினோ அமிலங்களைப் பெற்றார். இளம் பூமியின் காற்று அக்கலவையை ஒத்ததா என்பதில்தான் பின்னர் ஐயம் எழுந்தது. ஆகவே விண்கற்களின் பங்கை மறுக்கவும் முடியாது, மிகைப்படுத்தவும் கூடாது.

மாணவி தம் வரியைத் திருத்திக்கொண்டார். உடன் ஒரு வினாவும் எழுதி அனுப்பினார்: ‘அப்படியானால், இடவகையைத் தேர்ந்தது வானமா, பூமியா ஐயா?’ பென்னு மண்ணில் குறைந்தது 70 விழுக்காடு, இனி வரும் ஆய்வாளர்களுக்காகவும் இன்னும் உருவாகாத கருவிகளுக்காகவும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்கு மறுமொழி எழுதினேன்.