ராத்திரி ரெண்டு மணி, மத்தியானம் ரெண்டு மணி

ஒரகடத்துல நைட் ஷிப்ட் பார்க்கிற ஒருத்தருக்குப் படபடப்புன்னு வச்சுக்குங்க. இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யுற ஹோல்டர் கருவியை நெஞ்சுல மாட்டி அனுப்புறாங்க. ராத்திரி 2 மணிக்குப் படபடத்துச்சுன்னு சீட்டுல குறிக்கிறார் நம்மாளு. பதிவுல பார்த்தா, அந்த 2 மணிக்கு இதயம் சமர்த்தா துடிக்குது! கருவிக் கடிகாரத்துல ஏ.எம்., பி.எம். மாறிப்போச்சு. அது மத்தியானம் அவர் தூங்கின நேரம்! மாட்டும்போதே செல்போன் மணியோட ஒத்துப் பாத்துடுங்க.

நெஞ்சுல எண்ணெய், பவுடர் கூடாது. வேர்வையில கருவியோட ஒட்டு வில்லை லேசா கழண்டாலும் துடிப்பைக் காட்டுற கோடு கிறுக்கலாயிடும். நீங்களா இடம் மாத்தி ஒட்டாம, மாட்டினவங்களுக்கே போன் போடுங்க.

தொந்தரவுன்னு அலுத்துக்கிறீங்களா? 1940கள்ல அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் செஞ்ச முதல் கருவி, முதுகுல சுமக்கிற மூட்டை. எடை சுமார் 38 கிலோ!