வீட்டு மரத்தில் விட்டுப்போன பெயர்



“நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றுக்கும் முனிவருக்கும் அது பொருந்தலாம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. நம் மூலத்தை நாம் பார்க்காவிட்டால் வேறு யாரும் நமக்காகப் பார்க்கப் போவதில்லை. ஆகவே, ஒரு குடும்பம் தன் வம்சாவளியை எழுதுவது எப்படி, அதில் யுத்த காலத்தை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றி இன்று சற்றுப் பேசுவோம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், “உங்கள் குடும்ப மரத்தை வரைந்து வாருங்கள்” என்று சொன்னோம். பெரும்பாலான பிள்ளைகள் தாத்தா, பாட்டியோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே வெறும் காகிதம். “நீங்கள் வரைந்துவிட்டீர்களா?” என்று ஒரு மாணவி எங்களையே திருப்பிக் கேட்டாள். அன்றிரவுதான் நாங்களும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம்.

எங்கள் பூட்டனார் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மழை பொய்த்தது, கடன் ஏறியது. 1920களில் கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கினார்கள். இப்போது நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லுகிறோமே, அதே துறைமுகந்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள். கலப்பை பிடித்த கை பால்வெட்டும் கத்தியைப் பிடித்தது. உங்களில் பலருடைய கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பூட்டனாருக்கு மூன்று ஆண் பிள்ளைகள், கடைக்குட்டியாக ஒரு பெண். மூன்றாவது பிள்ளைதான் எங்கள் தாத்தா. இரண்டாமவரின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. காக்கி உடுப்பு, சாய்த்து வைத்த தொப்பி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு படக்கடையில் எடுத்தது. “நேதாஜி படையில் இருந்தவர்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம். மரத்தில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினோம்.

எழுதியதை எங்கள் அத்தைப் பாட்டியிடம், அதாவது அந்தக் கடைக்குட்டிப் பெண்ணிடம், வாசித்துக் காட்டினோம். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். கேட்டு முடித்ததும், “மூத்தவன் பேரு எங்கய்யா?” என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை. “ரெண்டு பேரும் ஒரே வாசப்படியில எறங்கித்தானே போனாங்க. ஒருத்தன மட்டும் எழுதுறியே!” என்றார்.

நேயர்களே, அந்த இரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யுத்தம் வருவதற்கு முன்பே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மனக்கொதிப்பு இருந்தது. 1941-ஆம் ஆண்டில் ஆர். எச். நாதன் போன்றவர்களின் முயற்சியால் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான கூலி கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எடுக்கச் சொன்னார்கள். அரசாங்கம் பட்டாளத்தைக் கொண்டுவந்து அதை அடக்கியது. நாதனை நாடு கடத்தியது.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் அவர்கள் கைக்குப் போயின. துரைமார்கள் ஓடினார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. வேலையும் நின்றது, அரிசியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கை உடுத்திய காலம் அது.

அந்த நேரத்தில்தான் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொன்னார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, கிராணியும் கங்காணியும் பட்டியல் கொடுத்து ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. இலவசப் படக்காட்சி என்று கூட்டி, வந்தவர்களை அப்படியே ஏற்றிச் சென்றதும் நடந்தது.

எங்கள் லயத்தில் பூட்டனார் பெயர் பட்டியலில் வந்தது. அவருக்கு நெஞ்சுச்சளி, நிற்கவே முடியாது. மூத்த மகன், “அப்பாவுக்குப் பதில் நான் போறேன்” என்று சொல்லிவிட்டு லாரி ஏறினார். கலியாணம் ஆகாத பிள்ளை. “தைப்பூசம் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு” என்றார் அத்தைப் பாட்டி. அது 1943-ஆம் ஆண்டு என்று கணக்கிட்டோம்.

அந்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-இல் ஆஸாத் ஹிந்த் அரசாங்கம் அமைந்தது. பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை உருவாகி, டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அதில் உயர்ந்த பொறுப்பு வகித்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாம் அறிந்தவர் அவரே, 2014-இல் மறைந்தார். தோட்டங்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் திரளாகச் சேர்ந்தார்கள். “ஏய் கூலி” என்று கேட்டுப் பழகிய காதில் “ஜெய்ஹிந்த்” என்ற மரியாதை விழுந்தது. அதற்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. சயாமுக்குப் போவதைவிட இது மேல் என்று சேர்ந்தவர்களும் உண்டு. எங்கள் இரண்டாவது தாத்தாவுக்கு இரண்டு காரணமும் இருந்தன என்று அத்தைப் பாட்டி சொல்லுகிறார். இதை மறைக்க வேண்டியதில்லை. அவர் துணிவு இதனால் குறைந்துவிடாது.

அவர் பர்மா வரை போய், 1945-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கையில் ஒரு தகரத் தட்டு மட்டும் இருந்தது. மூத்தவர் திரும்பவேயில்லை.

சயாம் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அடையாளம் தெரிந்தவருக்கெல்லாம் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருப்பார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் புண்ணும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் பொறித்த கல் கிடையாது. ராணுவத்தில் இருந்தவனுக்கு எண் உண்டு, பதிவு உண்டு. மண் வெட்டப் போனவனுக்குச் செக்ரோலில் ஒரு கோடு அடித்ததோடு சரி.

எங்கள் வீட்டில் மூத்தவருக்குத் திதி கொடுத்ததில்லை. இறந்த நாள் தெரியாதே! பெண் எடுக்க, கொடுக்கப் பேசும்போது, “ரெண்டு பேரும் பட்டாளத்துக்குப் போனாங்க” என்று சொல்லிக்கொண்டார்கள். சயாமுக்குப் போனதைக் குறைவாக நினைத்தார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. பேச்சு நின்றதும் பெயரும் போய்விட்டது. தகப்பனுக்குப் பதிலாகப் போன பிள்ளையை, படம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நாங்களே விட்டுவிட்டோம். படித்து ஆசிரியரான நாங்களே இப்படி என்றால், குறையை யாரிடம் சொல்வது?

சரி, நீங்கள் எப்படி எழுதலாம்? சில வழிகளைச் சொல்லுகிறோம்.

முதலில், பிள்ளையின் பெயரைக் கீழே எழுதி மேலே மேலே போங்கள். தகப்பன் வழியைப் போலத் தாய் வழியையும் எழுதுங்கள். நம் பத்திரங்களில் தகப்பன் பெயர் மட்டுமே தொடர்வதால், இரண்டு தலைமுறைக்குள் பாட்டிமார் பெயர் மறைந்துவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று முறை சொல்லிக் கேளுங்கள். கலியாணம் ஆகாமல் போனவர்களையும், சிறு வயதில் இறந்தவர்களையும் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் விழிப்பார்கள். “பெரிய வெள்ளத்துக்கு முன்னா, பின்னா? ஜப்பான்காரன் வந்தபோது நடக்கிற பிள்ளையா, கைப்பிள்ளையா?” என்று கேளுங்கள். பெரிய வெள்ளம் 1926, ஜப்பானியர் வந்தது 1941 கடைசி, சுதந்திரம் 1957. இவற்றை வைத்து வயதைக் கணக்கிட்டுவிடலாம்.

மூன்றாவது, பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கலியாணப் பத்திரிகை, ஊர்க் கடிதம் எதையும் எறியாதீர்கள். ஒரே பெயரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றையும் அப்படியே எழுதி வையுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசாங்கத் தாள்கள் அங்கே உண்டு.

நான்காவது, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். பெருமைக்காக ஒரு சொல் கூட்ட வேண்டாம். வெட்கத்துக்காக ஒரு பெயரைக் குறைக்கவும் வேண்டாம்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இருந்த இடம் தெரியவில்லை. ஆவணம் என்று நமக்கு மிஞ்சியிருப்பது பெரியவர்களின் நினைவுதான். அது எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே தீபாவளி வரட்டும், பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

எங்கள் மரத்தில் இப்போது மூத்தவரின் பெயர் முதலில் இருக்கிறது. “தகப்பனாருக்குப் பதிலாகச் சயாம் சென்றவர், 1943” என்று பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அதை வாசித்துக் காட்டியபோது அத்தைப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி, அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.