இறக்கத்தைத் தாங்கும் இரும்புத் தட்டு

(தோட்டத்து வாகனச் சாரதிகளுக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்திய உரை)



நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாம் வழக்கமாகப் பேசுவது பிள்ளைகளின் நிறை, குடிதண்ணீர், சேமலாப நிதி பற்றித்தான். இன்றைக்கு வாகன பிரேக் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நம்ம பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போவதும், வலி கண்ட பெண்ணை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் இருபது, முப்பது வருசத்துப் பழைய வேன்கள்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மறுபடி திறந்தது. புது வாகன விலையோ நமக்கு எட்டாது. ஆகவே பழையதைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

முன் சில்லுக்கு உள்ளே ஒரு வட்டமான இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேட் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். உராய்வில் சூடு உண்டாகும். அந்தச் சூட்டைத் தாங்கி, காற்றில் விடுவது டிஸ்க்கின் வேலை.

எவ்வளவு சூடு? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளை ஏறத்தாழ 500 மீற்றர். இறம்பொடை, புசல்லாவை வழியாக ஒரு டன் எடையுள்ள வாகனம் இறங்கினால் வெளியாகும் சக்தி, ஏறத்தாழ 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆட்கள் நிறைந்த வேன் என்றால் இன்னும் அதிகம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான் வரும்.

தடித்த ரொட்டிக்கல் மெதுவாகச் சூடேறும், மெல்லிய தகடு உடனே சிவந்து போகும் இல்லையா? டிஸ்க்கும் அப்படித்தான். தேய்ந்து மெலிந்த டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும். சமதரையில் நன்றாகப் பிடிக்கிற பிரேக், நீண்ட இறக்கத்தின் நடுவில் கைவிடும். “நேற்று வரைக்கும் நல்லாத்தானே பிடிச்சது” என்ற பேச்சு அதனால்தான் நம்பத் தகாதது.

தம்பிமார்களே, டிஸ்க்கிலேயே அதன் ஆகக் குறைந்த தடிப்பு மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். துருவைத் துடைத்துப் பாருங்கள். விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டை விட்டுவிட்டு, பேட் படுகிற இடத்தை அளக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். லேத்தில் கடைந்து சமப்படுத்துவதும் கடைந்த பிறகு அந்த அளவுக்கு மேல் மிஞ்சினால் மட்டுமே சரி. வெடிப்பு விழுந்த டிஸ்க்கைக் கடையவே கூடாது. மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், மிதி காலுக்குக் கீழே துடித்தால், தட்டில் ஆழமான கோடோ நீலத் திட்டோ தெரிந்தால், அன்றைக்கே கராஜுக்குப் போங்கள். பனியில் நின்ற வாகனத்தின் டிஸ்க்கில் காலையில் தெரியும் மெல்லிய துருவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு தரம் பிரேக் பிடித்தால் போய்விடும்.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். வாகனம் ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு டிஸ்க்கும் மாற்றி, புது பேட்டும் போட வேண்டும். டிஸ்க் உட்காரும் இடத்தில் உள்ள துருவைச் சுரண்ட வேண்டும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும், வாகனத்தை நகர்த்தும் முன், மிதி இறுகும் வரை பம்ப் பண்ண வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றர் மெதுவாகப் பழக்க வேண்டும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதித்துவிடும். அப்போது குழாயில் ஆவி நிறைந்து மிதி வெறுமனே கீழே போகும். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றுங்கள்.

இறங்கும்போது, ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடுவது பெற்றோல் மிச்சம் அல்ல, உயிர்ச் செலவு. சூடான டிஸ்க்கில் ஓடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடித்துப் போகும். ஒதுங்கி நின்று காற்றில் ஆறவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புகைச் சான்றிதழ் புகையைத்தான் பார்க்கிறது, பிரேக்கைப் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும், “தம்பி, டிஸ்க் அளந்தாச்சா?” என்று உரிமையோடு கேளுங்கள். அதே நேரம் வேன் கூலியை அடித்துக் குறைத்தால், முதலில் குறைவது டிஸ்க் வாங்கும் காசு. பதினைந்து குடும்பம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பிரேக் சீட்டு வைத்தால், இரண்டு டிஸ்க் வாங்குவது ஒருவர் தலைச்சுமை ஆகாது.

2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதல்ல இறக்கத்தில் ஒரு பஸ், எதிரே வந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. இறந்த 7 பேரும் அந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். இறக்கத்தில் ஒரு வாகனம் நிற்காமல் போனால், எதிரே வருகிறவர்களும் சேர்ந்து சாகிறார்கள். நம்ம வேனின் பிரேக் நம்ம வீட்டுக் காரியம் மட்டுமல்ல என்பதை இது காட்டுகிறது.

அடுத்த தவணை தொடங்கும் முன் நம்ம டிவிசன் வேன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு பாஸிடம் காட்டி அளந்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்பும் தம்பிமார் கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.